பலகையில் சிக்குக் கோலம்: பெயிண்ட் உரிகிறது

கேள்வி: அம்மா வாசலில் போடும் 7 புள்ளி, 7 வரிசை சிக்குக் கோலத்தை ஓர் அடி சதுரப் பிளைவுட்டில் வரைந்து கூடத்தில் மாட்டணும். அடியில் காவி எனாமல், மேலே வெள்ளை அக்ரிலிக். காய்ந்ததும் கோடு செதில் செதிலாக உரியுது. ஏன்?

பதில் 1: எனாமல் வழவழப்பில் அக்ரிலிக் பிடிக்காதுங்க. 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, அக்ரிலிக் காவியே ரெண்டு கோட் அடிங்க.

பதில் 2: புள்ளி இடைவெளி ஒன்றரை அங்குலம் வைங்க, சுற்றிலும் அதே அளவு ஓரம் மிஞ்சும். பிரஷ் வேண்டாம், வளைவில் கோடு தடிக்கும். காலி மருதாணி கோனில் தண்ணீர் கலக்காத பெயிண்டை நிரப்பி, நுனியைத் துளியூண்டு வெட்டுங்க. கோடுகள் குறுக்கிடும் இடத்தில் பெயிண்ட் குவியும். அங்கே அழுத்தத்தைக் குறைங்க.

பதில் 1: வார்னிஷ் ஒரு நாள் கழித்துத்தான், இல்லாட்டி வெள்ளை இழுபடும். பளபளக்காத மேட் வார்னிஷ் வாங்குங்க. பளபளத்தால் கோலக்களையே போயிடும்.