வீட்டுல படம் பாத்தா வசனம் கேக்கல, ஆர்.ஆர் (பின்னணி இசை) மட்டும் காதைக் கிழிக்குது, ஏன்?

திண்ணைவாசி:
ராத்திரி ஓடிடில படம் போட்டா ரிமோட்டைக் கீழ வைக்க முடியல. ரெண்டு பேர் மெதுவா பேசினா வால்யூம் 40, அடுத்த செகண்டே எவனாவது கதவை உடைச்சுக்கிட்டு வந்தா 12க்கு இறக்கணும், இல்லேன்னா தூங்குற புள்ளை எந்திரிச்சுரும். இதே படம் தியேட்டர்ல ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. ஆனா அதே டிவில அம்மா பாக்குற சீரியல் கணீர்னு கேக்குது! தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டு உக்காந்திருக்கேன். சவுண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மிக்ஸிங்_ரூம்:
நமக்கு வேலையே இதான், சாலிகிராமத்துல. தியேட்டருக்கு 5.1ல (அஞ்சு சேனல், கூட அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர்) மிக்ஸ் பண்றப்ப வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல போகும், அது ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருக்கும் (ஸ்கிரீன் கிட்டப் போய்ப் பாருங்க, குட்டி குட்டியா ஓட்டை இருக்கும், சவுண்டு வரத்தான்). ஆர்.ஆர் இடது வலதுல பரவி நிக்கும், மழை, கூட்டம் எல்லாம் சுத்தி, குண்டு வெடிக்கிற அதிர்வு சப்வூஃபர்ல. ஒவ்வொண்ணுக்கும் தனி இடம். இதையே ரெண்டு ஸ்பீக்கர் டிவில போட்டா நடு சேனலை வழக்கமா 3 டெசிபல் குறைச்சு இடது வலதுல கலந்து விட்டுரும், அங்க ஏற்கனவே வயலினும் டிரம்ஸும் உக்காந்திருக்கு, வசனம் அதுக்கு அடியில அமுங்கிடும். போதாக்குறைக்கு ஒல்லி டிவில ஸ்பீக்கர் பாதிக்குப் பாதி தரையைப் பாத்துதான் இருக்கு.

இன்னொண்ணு, சினிமா மிக்ஸ் பண்ற தியேட்டர்ல ஸ்பீக்கரை 85 டெசிபலுக்கு அளந்து செட் பண்ணி வெச்சிருப்போம், ஏசி சத்தம் கூட தெரியாது. அங்க கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி விட்டாலும் தாங்கும். உங்க ஹால்ல சீலிங் ஃபேன் இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு, தெருவுல ஆட்டோ இருக்கு. நியாயமா வீட்டுக்குன்னு சின்ன ஸ்பீக்கர்ல தனியா நியர்ஃபீல்ட் மிக்ஸ் பண்ணணும். நெட்ஃபிளிக்ஸ்ல வசனத்தோட சராசரி மைனஸ் 27ல (LKFSங்கிற சத்த அளவுல) நிக்கணும்னு கணக்கே வெச்சிருக்காங்க, ஆனா அது அளக்கிறது வசனத்தை, சண்டை அதுக்கு மேல எவ்ளோ ஏறும்ங்கிறது தனிக்கதை. ரிலீஸ் தேதி கழுத்தைப் பிடிச்சா தியேட்டர் மிக்ஸையே லேசா தட்டிக் கொட்டி அனுப்புறதும் உண்டு.

முதல்ல ஆப்ல ஆடியோவை 5.1லருந்து ஸ்டீரியோவுக்கு மாத்திப் பாருங்க. டிவி செட்டிங்ல நைட் மோடு, கிளியர் வாய்ஸ் மாதிரி ஏதாவது இருந்தா ஆன் பண்ணுங்க. சரவுண்டுன்னு பேர் வெச்ச எஃபெக்டை ஆஃப் பண்ணிருங்க, டிவில அது வசனத்தைக் கரைக்கத்தான் உதவும்.

அடுப்படி_ரேடியோ:
சீரியல் ஏன் கேக்குதுன்னு யாரும் சொல்லலியே! நான் சாம்பார் தாளிச்சுக்கிட்டேதான் பாக்குறேன், பாக்குறேன்னு என்ன, காதால கேக்குறேன். மாமியார் முகத்தை மூணு தடவ காட்டி டொய்ங் டொய்ங்னு அடிச்சா ஏதோ நடந்துருச்சுன்னு கரண்டியோட ஹாலுக்கு ஓடுவேன். எல்லாரும் கிண்டல் பண்ற அந்த சத்தம் எங்களுக்கு காலிங் பெல்லுங்க 😄

மிக்ஸிங்_ரூம்:
மேடம் சரியா பிடிச்சிட்டாங்க. சீரியல்ல மெதுவா பேசினாலும் கத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு அமுக்கி வெச்சிருவாங்க, மிக்ஸி ஓடுற வீட்டுல கேக்கணும்ல.

பழைய_புரொஜக்டர்:
டிவியை விடுங்க தம்பி, இப்ப நடிகருங்க வாயைத் திறந்தே பேசறதில்ல. ஷூட்டிங்ல பேசினதையே படத்துல வெச்சுக்கற லைவ் சவுண்டுன்னு ஒண்ணு வந்ததுலருந்துதான் இந்த வினை. டப்பிங் தியேட்டர்ல மைக் முன்னாடி நின்னு பேசின காலத்துல ஒரு எழுத்து முழுங்கினது உண்டா?

மிக்ஸிங்_ரூம்:
அண்ணே, பாதிதான் ஒத்துக்குவேன். லகான் 2001ல, விருமாண்டி 2004ல, ரெண்டும் லைவ் சவுண்டுதான், அதுலயும் விருமாண்டில கிராமத்துப் பேச்சு, ஜல்லிக்கட்டுக் கூட்டம் வேற, அப்பவும் வசனம் நிக்கும். டப்பிங்ல சுத்தமா இருக்கும்தான், ஆனா பைலட் டிராக்கை (ஷூட்டிங்ல அடையாளத்துக்குப் பதிஞ்ச சவுண்டை) தூக்கிப் போட்டுட்டா காலடி, வளையல், புடவை உரசுறதுன்னு அத்தனையும் எஃபெக்ட்ஸ் ஆளுங்க ரூம்ல உக்காந்து திரும்பச் செய்யணும். அவசரத்துல செஞ்சா வெட்டவெளில நிக்கிறவன் கூட ரூமுக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கும். முழுங்கிப் பேசறது இந்த சீன்ல வேணும்னு டைரக்டரே கேட்டா நாங்க என்ன பண்றது, ஃபேடரை (மிக்ஸர்ல சத்தத்தை ஏத்தி இறக்குற பட்டனை) ஏத்தினா முழுங்கினதுதான் சத்தமா கேக்கும்.

ஜெர்சி_சிட்டி_தமிழன்:
விளம்பரம் மட்டும் கத்துமே, அதுக்கு இங்க அமெரிக்காவுல சட்டமே இருக்கு, 2012 டிசம்பர்லருந்து டிவில விளம்பர சவுண்டு நிகழ்ச்சி அளவை விட ஏறக்கூடாது. சண்டைக் காட்சிக்கு எவனும் சட்டம் போடல.

திண்ணைவாசி:
ஸ்டீரியோவுக்கு மாத்தினேன், நல்லாவே வித்தியாசம் தெரியுது, 40க்கும் 12க்கும் நடுவுல ஓடின கை இப்ப 25லயே நிக்குது. ஆனா வெடிக்கிற சீன் இன்னும் தூக்கிப் போடுது. சவுண்ட்பார் வாங்கினா தீருமாண்ணே? கடைக்காரர் 2.1 ஒண்ணைத் தலையில கட்டப் பாக்குறாரு.

மிக்ஸிங்_ரூம்:
2.1 வேணாம், அதுல நடு ஸ்பீக்கரே கிடையாது, பேஸ் மட்டும் ஏறி பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிப்பாரு. 3.1 பாருங்க, வசனத்துக்குன்னு தனி சேனல் இருக்கும், அதை மட்டும் ரிமோட்ல ரெண்டு மூணு பாயிண்ட் ஏத்த முடியுதான்னு கடையிலயே கேட்டு, பேச்சு இருக்கிற சீன் ஒண்ணு போட்டுக் காட்டச் சொல்லுங்க. டெமோன்னு அவங்க போடுற கார் ரேஸை வெச்சு முடிவு பண்ணாதீங்க.