சொந்த ஆட்கள் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் மேலா?

கேள்வி: ஒருவரிடம் கொத்தனார், கம்பி வேலை, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் வேலை) எல்லாவற்றுக்கும் சொந்த ஆட்கள். இன்னொருவர் ஒவ்வொரு வேலையையும் வெளியாட்களுக்கு உள்குத்தகைக்கு விடுகிறார், ரேட் குறைவு. யாரிடம் வீட்டைக் கொடுக்கலாம்?

பதில் 1: நான் சைட் இன்ஜினியர். வித்தியாசம் தெரிவது கான்கிரீட் போடும் அன்றுதான். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இல்லையா, எலக்ட்ரிக் பைப் ஒன்று விட்டுப்போனதா, சொந்த ஆள் என்றால் உடனே கூப்பிட்டுச் சரிசெய்யலாம். உள்குத்தகை ஆள் அன்றைக்கு வேறு சைட்டில் இருப்பார், போனையும் எடுக்க மாட்டார். அப்புறம் பூச்சு வெடித்தால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள்.

பதில் 2: சொந்த ஆட்கள் என்றால் வேலை இல்லாத நாள் சம்பளமும் ரேட்டில் ஏறுமே! அவர்களிடமும் லிஃப்டுக்கெல்லாம் வெளியாள்தான்.

கேள்வி கேட்டவர்: சரி, சொந்த ஆட்கள் வைத்திருப்பவர் முடித்த வீட்டைப் பார்க்கிறேன்.

பதில் 1: நடந்துகொண்டிருக்கும் சைட்டைப் பாருங்கள். போட்ட தளத்தில் கான்கிரீட் நன்றாக இறுகத் தண்ணீர் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.