ஞாயிறு ஆங்கில வகுப்பு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

சத்துவாச்சாரி மாடி

சங்க ஆட்களும் போராட்டக்காரர்களும் ஆங்கிலம் பழக ஞாயிறுதோறும் கூடிய வகுப்பைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீடிச் சங்கம், ஷூ கம்பெனி, பாலாறு கெட்டதற்காகப் போராடுகிறவர்கள், கொத்தடிமை மீட்பில் அலைகிறவர்கள் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த வகுப்புதான். அதில் ஒரு மதியம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதிகாரியும் தொழிலாளியும் பேசுவதுபோல நடித்துக் காட்டச் சொன்னார் ஆசிரியர். பேரணாம்பட்டு பீடிச் சங்க அக்கா அதிகாரி. வேலையை விட்டு நின்ற ஷூ கம்பெனிப் பெண் ஒருவர் தொழிலாளி. வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை ஏன் இன்னும் வரவில்லை, சட்டப்படி 30 நாளில் கொடுத்திருக்க வேண்டுமே என்று அவர் கேட்க வேண்டும். வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வாரம் முழுவதும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். எதிரில் நிற்பவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏதோ காகிதத்தைப் புரட்டியபடி, "கம் டுமாரோ" என்றார். அது கரும்பலகையில் இல்லாத வாக்கியம். அவருக்கு யாரும் கற்றுத்தரவும் வேண்டியிருக்கவில்லை. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் "வெரி குட்" என்றார். பிழையில்லாத ஆங்கிலம் அல்லவா! அந்த "வெரி குட்"தான் என்னை உறுத்துகிறது. அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார்கள். உண்மையில் அவருடைய பணிக்கொடை வந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

காட்பாடி பழைய சங்கம்

தோழர் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெண் எதற்காக ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்? எந்த அலுவலகத்தில் அதிகாரி நம்மிடம் ஆங்கிலம் பேசுகிறார்? "நாளைக்கு வா" என்று தமிழில்தான் விரட்டுகிறார்கள். நாமும் தமிழிலேயே மல்லுக்கு நிற்கலாம்.

ஒருமுறை சமரசப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். "ஐயா, தமிழில் சொன்னால்தான் பதில் சொல்வேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நேரம் பேசியதைத் தமிழில் சொல்ல அவருக்கு இரண்டே வரிதான் தேவைப்பட்டது.

சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025இல் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 108 இருந்தது. அந்தச் சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் கம்பெனி வாசலில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தகவல் உரிமை மனுவைத் தமிழிலேயே எழுதலாம். உயர் நீதிமன்றம் மட்டும் வேறு கதை. அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவுப்படி அங்கே ஆங்கிலம்தான், அதற்கு வழக்கறிஞர் இருக்கிறார். வகுப்பு நடத்தியே தீர வேண்டுமென்றால் சம்பளச் சீட்டை வைத்து நடத்துங்கள். பி.எஃப். பிடித்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இ.எஸ்.ஐ. எதில், வேலை நாள் எத்தனை என்று போட்டிருக்கிறார்கள், இவ்வளவும் படிக்கத் தெரிந்தால் போதும். "ஹவ் ஆர் யூ" எல்லாம் யாருக்கு வேண்டும்? நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

ஆம்பூர் தையல் பிரிவு

காட்பாடி ஐயாவுக்கு: நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க அனுப்பும் ஆடிட் ஆளிடமும் கையைக் கட்டிக்கொண்டு "தமிழில் சொல்" என்று கேட்டுப் பாருங்களேன்.

எங்கள் கம்பெனிக்கு வந்தவர் தமிழ் தெரியாதவர். கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். வேலை நேரம் முடிந்தபின் நிற்க விருப்பமில்லை என்றால் வீட்டுக்குப் போகலாமா என்பது கேள்வி. எச்.ஆர். எங்கள் பக்கம் திரும்பி, "ஓவர்டைம் காசு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கிறார்" என்றார். இரட்டிப்புச் சம்பளமா இல்லையா என்பது தனிக் கதை, ஏதோ வருகிறது. பக்கத்து மெஷின்காரர் தலையாட்டினார். "யெஸ், தே கேன் கோ" என்று அந்தப் பக்கம் பதில் போனது.

வகுப்பில் என்னை வாய் திறக்க வைப்பதே பெரும்பாடு. அன்றைக்கு எப்படித் திறந்ததோ! "நோ சார். நாட் கோ. பஸ் நாட் கம்" என்றேன். ஓவர்டைம் முடியாமல் கம்பெனி பஸ் கிளம்பாது, ஊருக்குப் போக வேறு வழி இல்லை என்று சொல்ல வந்தது அவ்வளவாகத்தான் வெளியே வந்தது. ஆடிட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். எச்.ஆர். சிரித்தபடியே இருந்தார். வந்தவர் தன் நோட்டில் ஏதோ எழுதினார்.

மறுநாள் என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நேரம் மாறவில்லை. அந்த நோட்டில் என்ன எழுதினார் என்பது மட்டும் தெரிந்தால் தேவலை.

மணல் இல்லாத ஆறு

எங்கள் பாலாற்றுக் குழு கேட்டுக்கொண்டதால் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வகுப்பில் வாசித்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குதான். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கைக்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள். வாரத்துக்கு ஒரு பத்தி என்று போனது.

வாணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கிணறு கெட்டு விவசாயத்தை விட்டவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற வரி வந்த அன்று, அதை எல்லோரும் கேட்கும்படி மூன்றுமுறை படித்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். தன் நிலத்தைப் பற்றி டெல்லியில் எழுதியிருக்கிறார்கள்!

சில வாரம் கழித்து உத்தரவுப் பகுதி வந்தது. வடாற்காடு அம்பேத்கர் (அதுதான் நம் வேலூர் மாவட்டத்தின் பழைய பெயர்) முதலான மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்கு அபராதம் விதிக்கும் வரி. "டென் தவுசண்ட்" வரை படித்துவிட்டு நிறுத்தினார்.

"லட்சம் என்கிற வார்த்தையை விட்டுவிட்டேனா, சார்?"

இல்லை ஐயா, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய்தான் என்றார் ஆசிரியர். இது அபராதம் மட்டும், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். "என் கிணற்றில் பாறை உடைக்கத் தோட்டா வைத்த செலவு இதைவிட அதிகம்" என்று ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் பெரியவர். அதற்குப் பிறகு வகுப்புக்கு அவர் வரவில்லை. போனில் கேட்டால், "நீங்கள் படியுங்கள், ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள்" என்கிறார்.

காட்பாடி பழைய சங்கம்

அந்தப் பெரியவரை விடாதீர்கள். அவர் கிராமத்துக்கு எவ்வளவு இழப்பீடு ஒதுக்கினார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனுப் போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். சர்வே எண்ணை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஆம்பூர் அம்மா சொன்ன பையர் விஷயத்தில் நான் வாதம் செய்யவில்லை. ஆனால் பெரியவரின் மனு தமிழில்தான் இருக்க வேண்டும்.