ஆப்பிரிக்காவில் தன்பாலின உறவு: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

எல்டோரெட், கென்யாவிலிருந்து:

"இதெல்லாம் எங்கள் பண்பாட்டிலேயே கிடையாது" என்பார் எங்கள் கம்பெனி ஓட்டுநர். நாந்தி இனத்தவர். அவர் ஊருக்குப் போனபோது, பெஞ்சில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து மாட்டு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் காட்டி, "அந்த வீட்டுக்குப் புருஷன் இவர்தான்" என்றார். ஆண் வாரிசு இல்லாத வயதான பெண், மாடுகளைப் பரிசமாகக் கொடுத்து ஓர் இளம்பெண்ணை முறைப்படி மணக்கிறார். அவளுக்கு வேறு ஆண் மூலம் பிறக்கும் பிள்ளைகள் பாட்டியின் வாரிசுகள். இப்படியொரு திருமணத்தை ஏற்று, 2011இல் மொம்பாசா உயர் நீதிமன்றமே சொத்துரிமை வழங்கியிருக்கிறது.

இது வாரிசுக்கான ஏற்பாடு, உடலுறவு கிடையாது என்று ஓட்டுநர் அழுத்திச் சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பெண்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவதை ஏற்கிற ஊர், அன்பால் சேரும் இருவரை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்? ஆண்களின் தன்பாலின உறவுக்கு 14 ஆண்டுச் சிறை என்கிற இங்குள்ள சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் உடன்பிறப்பு.

கம்பாலா, உகாண்டாவிலிருந்து:

எல்டோரெட் அண்ணன் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஜூன் 3 அன்று நமுகோங்கோவுக்கு மக்கள் நடந்தே வந்து குவிவார்கள். 1880களில் புகாண்டா மன்னர் இரண்டாம் முவாங்கா கொன்ற கிறிஸ்தவ இளைஞர்களின் திருநாள். மன்னரின் ஆசைக்கு அரண்மனைப் பையன்கள் இணங்காததும் காரணம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் செய்தது வற்புறுத்தல், அதற்கு நியாயமே இல்லை. ஆனால் தன்பாலின ஆசையே மேற்கிலிருந்து இறக்குமதியானது என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

தன்பாலின உறவுக்கு எதிராக இங்கே வந்த 2023 சட்டத்தில் ஆயுள் தண்டனை உண்டு, சிலவற்றுக்கு மரண தண்டனையே உண்டு. அது வந்ததும் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவனை வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார். அவருக்குக் கோபமில்லை, பயம்தான். வாடகைக்கு விட்டதற்குத் தன்னையும் உள்ளே போட்டுவிடுவார்களோ என்று. மெத்தையைச் சுருட்டி போடாபோடா என்கிற வாடகை பைக்கில் கட்டிக்கொடுத்தோம். அந்த அம்மாவே கயிறு எடுத்துத் தந்தார்.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து:

சட்டம் மாறினால் மட்டும் போதாது. இங்கே 1996 அரசியலமைப்பே பாகுபாட்டைத் தடுக்கிறது, 2006 முதல் திருமணமும் செல்லும். என்னோடு வேலை செய்யும் பெண் மாலில் துணைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப் எனும் புறநகர்ப் பகுதிக்குப் போகும் டாக்ஸியில் ஏறியதும் இருவரும் வேறு வேறு சீட். ஏன் என்றால் யூடி சிமெலானே பெயரைத்தான் சொல்கிறார். தேசிய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடியவர், தன்னை மறைக்காமல் வாழ்ந்தவர். 2008இல் அவரைச் சொந்த ஊரான க்வாதெமா டவுன்ஷிப்பிலேயே கொன்றார்கள்.