புதுப்பிப்பு: "வென்டிலேட்டர் வேண்டாம்" என்ற அம்மாவின் தாளை டர்பன் மருத்துவமனை ஏற்றதா?

சிறுநீரகம் செயலிழந்த அம்மா, வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் தென்னாப்பிரிக்காவில் செல்லுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மா சென்ற மாதம் காலமானார், அவர் விரும்பியபடியே.

பலித்தது, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா சொன்ன வழி. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, நோயாளி தெளிவாக இருக்கும்போதே தன் சார்பில் சம்மதம் தர ஒருவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். அம்மா என்னை நியமித்தார். அப்படி யாருமில்லை என்றால் துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தோர் என்று வரிசை போகிறது. அப்பா இல்லை, பிள்ளைகள் நாங்கள் இருவர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த அண்ணன் வென்டிலேட்டர் போட்டே ஆகவேண்டும் என்று நின்றார். நியமனத் தாள்தான் அந்தத் தகராறைத் தீர்த்தது.

எதிர்பாராத ஒன்று: அண்ணன் கையிலிருந்த, அம்மா எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்). எழுதிக்கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் இந்நாட்டில் அது காலாவதியாகிவிடும். தேவைப்படும் நேரத்தில் உதவாத குடை!

வென்டிலேட்டர் வேண்டாம் என்ற அம்மாவின் தாளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 1992இல் டர்பன் நீதிமன்றம், கிளார்க் எதிர் ஹர்ஸ்ட் வழக்கில், நினைவு திரும்பாத கணவருக்குக் குழாய்வழி உணவை நிறுத்த மனைவிக்கு அனுமதி தந்தது. எங்கள் டாக்டர் அதை அறிந்திருந்தார்.

இன்னொன்று: இதயம் நின்றால் உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற உத்தரவை டாக்டரே கோப்பில் எழுதவேண்டும். வார்டு மாறியபோது அது கூடவே வரவில்லை, மீண்டும் எழுதவைத்தோம். நகல் கையில் வைத்திருங்கள்.