ஸ்டான்டன் இல்லாமல் சீசன் தொடங்குகிறது: லெஃப்ட் ஃபீல்டில் டோமிங்கெஸா, கிரிஷமா?

நான்காம் எண் ரயில்:

யாங்கீஸ் பேஸ்பால் ரசிகர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2025 மார்ச் 27 அன்று நம் யாங்கி ஸ்டேடியத்தில் மில்வாக்கி ப்ரூவர்ஸோடு முதல் ஆட்டம். நம் முதன்மை பிட்சர் (பந்து எறிபவர்) கெரிட் கோலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை, 2025 முழுக்க அவர் கிடையாது என்ற செய்தி வந்ததிலிருந்து எல்லோரும் பிட்சிங்கைப் பற்றியே பேசுகிறோம். அது நியாயம்தான். ஆனால் என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது அவுட்ஃபீல்ட், அதாவது மைதானத்தின் பின்பக்கம் லெஃப்ட், சென்டர், ரைட் என்று மூன்று பேர் நிற்கும் இடம்.

2024-இல் டாட்ஜர்ஸோடு ஆடிய உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 5-0 என்று முன்னால் இருந்தோம். நான்காவது இன்னிங்ஸில் (மொத்தம் ஒன்பது) டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் அடித்த பந்தை நம் ஜட்ஜ் சுவரில் மோதிப் பிடித்தார். அதே ஜட்ஜ் ஐந்தாவது இன்னிங்ஸில் எட்மன் அடித்து நேராகக் கைக்கு வந்த பந்தை விட்டார். அப்புறம் நம் வோல்பியின் எறி தவறியது, பெட்ஸ் அடித்த பந்துக்கு முதல் பேஸை (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் முனை) மூட யாரும் போகவில்லை, ஐந்து ரன் போய் 5-5 ஆனது, கடைசியில் 7-6 என்று தோற்றோம். பேட்டிங் குறைந்து தோற்ற தொடர் என்று இதை யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது போன வருடம் ரைட் ஃபீல்டில் ஆடிய சோட்டோவும் இல்லை. 15 வருடம், 765 மில்லியன் டாலர் என்று மெட்ஸ் அணி கொண்டுபோய்விட்டது. ஜட்ஜ் மறுபடி ரைட் ஃபீல்டுக்குப் போகிறார், கப்ஸ் அணியிடமிருந்து வாங்கிய பெலிஞ்சர் சென்டரில், ஜேசன் டோமிங்கெஸ் லெஃப்டில். இதுதான் திட்டம். டோமிங்கெஸ் சென்டரில் விளையாடியே வளர்ந்தவர், போன செப்டம்பரில் லெஃப்டில் நின்றபோது தடுமாறினார், பிளேஆஃப் வந்ததும் அங்கே வெர்டூகோதான் நின்றார்.

ஸ்டான்டனுக்கு இரண்டு முழங்கையிலும் வலி, தொடக்கத்தில் வர மாட்டார், அதனால் அவருடைய டி.எச். இடம் (ஃபீல்டில் நிற்காமல் அடிக்க மட்டும் வருபவர்) காலி. அப்படியானால் டோமிங்கெஸை டி.எச். ஆக்கிவிட்டு, மாற்று அவுட்ஃபீல்டர் கிரிஷமைச் சென்டரிலும் பெலிஞ்சரை லெஃப்டிலும் நிறுத்தினால் என்ன? ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதை இரண்டு முறை வாங்கிய கிரிஷமை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பையனை நம் மைதானத்தின் பெரிய பக்கத்தில் நிறுத்திப் பழக வைப்பது சரியா? நேராகச் சொல்லுங்கள்.

ஞாயிறு லெஃப்ட் ஃபீல்டர்:

நண்பரே, பயம் புரிகிறது, ஆனால் நான் உங்களோடு உடன்படவில்லை. நான் நியூ ஜெர்சியில் ஒரு வார இறுதி லீக்கில் ஆறு வருடமாக லெஃப்ட் ஃபீல்டில் நிற்கிறேன், அதற்கு முன் இரண்டு வருடம் சென்டரில் நின்றேன். அந்த மாற்றம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

சென்டரில் நிற்பவனுக்கு பிட்சர், கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), மட்டை மூன்றும் ஒரே கோட்டில் தெரியும். பந்து உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று பார்த்தே, அடி விழுவதற்கு முன்னாலேயே அரை அடி நகர்ந்துவிடலாம். லெஃப்டுக்குப் போனதும் எல்லாம் சாய்கோணத்தில் தெரிகிறது. அதைவிடப் பெரிய தொல்லை பந்தின் வளைவு. வலதுகைக்காரன் இழுத்து அடித்தாலும் மைதானத்தின் இடது எல்லைக் கோட்டை நோக்கி வளையும், இடதுகைக்காரன் எதிர்ப்பக்கமாகத் தள்ளினாலும் கோட்டை நோக்கித்தான் வளையும். சென்டரில் பழகிய கால் பந்தை நோக்கி நேராக ஓடும், ஆனால் அது போய்ச் சேரும்போது பந்து நான்கு அடி தள்ளி விழும். செப்டம்பரில் டோமிங்கெஸிடம் நான் பார்த்தது இதுதான். கையில் குறையில்லை, வேகத்திலும் குறையில்லை, முதல் இரண்டு எட்டு தப்பான திசையில் போயின, அவ்வளவுதான்.

இது சொல்லிக் கொடுத்து வருவது அல்ல. ஐந்நூறு பந்து பார்த்தால்தான் வரும், அதுவும் பயிற்சியில் அடிக்கும் பந்து இல்லை, ஆட்டத்தில் வரும் பந்து. டி.எச். ஆக்கி உட்கார வைத்தால் ஜூனில் ஸ்டான்டன் திரும்பும்போது இதே கேள்வி இதே இடத்தில் நிற்கும். ஸ்டான்டன் 2024-இல் ஒரு ஆட்டத்தில்கூட ஃபீல்டில் இறங்கவில்லை, அவர் வந்தால் டி.எச். கதவு மூடிவிடும். அந்த நாளில் டோமிங்கெஸ் எங்கே போவார்?

தவறு செய்வார். ஏப்ரலில் ஒன்றிரண்டு ஆட்டம் அவரால் போகலாம். ஏப்ரலில் போகட்டும், அக்டோபரில் போகக் கூடாது.

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேரும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். இந்த அவுட்ஃபீல்டில் என்னை உறுத்துவது வலதுகை அடி இல்லாததுதான்; இடதுகை பிட்சரை இடதுகைக்காரர்கள் அடிப்பது கடினம்.

பெலிஞ்சர் இடதுகை. கிரிஷம் இடதுகை. டோமிங்கெஸ் இரண்டு கையிலும் ஆடுவார், ஆனால் மைனர் லீக்கிலிருந்தே (கீழ்நிலை லீக்) இடதுகை அடிதான் அவருடைய பலம், வலதுபக்கம் நிற்கும்போது அந்த அடி இல்லை. மீதி ஜட்ஜ் ஒருவர்தான். ஸ்டான்டன் இருந்தால் எதிரணி இடதுகை பிட்சரை இறக்க யோசிக்கும். அவர் இல்லாத இடத்தில் பென் ரைஸை டி.எச். ஆக நிறுத்தினால் அவரும் இடதுகை, உள்வட்டத்தில் சிஷோமும் கேட்சர் வெல்ஸும் இடதுகை. நல்ல இடதுகை ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்) இரண்டு பேர் வைத்திருக்கும் அணி ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

சரி, வெளியிலிருந்து ஒரு வலதுகை அவுட்ஃபீல்டரை வாங்கலாமே என்று கேட்பீர்கள். நம் அணியின் சம்பளக் கணக்கு லீக்கின் உச்ச வரி எல்லையான 301 மில்லியன் டாலரை ஒட்டி நிற்கிறது. அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம் வரி, அதாவது 5 மில்லியனுக்கு ஒருவரை எடுத்தால் பத்தரை மில்லியன் செலவு. பொது மேலாளர் கேஷ்மன் அந்தப் பணத்தை ஜூலை வரை பிடித்து வைப்பார் என்றுதான் நினைக்கிறேன், கோல் இல்லாத நிலையில் அது பிட்சருக்குத்தான் போகும்.

அப்புறம் கிரிஷம். அவரைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுகிறீர்கள். கோல்ட் கிளவ் 2020-இலும் 2022-இலும் வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் போன வருடம் அவர் பேட்டிங் சராசரி .190, ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) 9. அவரைத் தினமும் இறக்கினால் வரிசையின் அடியில் ஒரு ஓட்டை விழும், சோட்டோவின் 41 ஹோம் ரன் கையை விட்டுப் போன இந்த வருடத்தில் அந்த ஓட்டையைத் தாங்க முடியாது. அவரை மைனருக்கு அனுப்பவும் வழியில்லை, மேஜர் லீக்கில் ஐந்து வருட சர்வீஸ் முடிந்தவர், அவர் சம்மதம் வேண்டும். ஆக அணியின் 26 பேரில் அவர் இருப்பது உறுதி. பிட்சர் 13 பேர் போக மீதி 13, அதில் ஒன்பது பேர் ஆடுவார்கள், பெஞ்சில் நான்கு. ஒன்று மாற்று கேட்சர், ஒன்று கிரிஷம், மீதி இரண்டில் ஒன்றையாவது லெஃப்டிலும் நிற்கத் தெரிந்த வலதுகைக்காரருக்குத் தர வேண்டும். இரண்டுமே மூன்றாவது பேஸில் யார் நிற்பது என்ற குழப்பத்துக்குப் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

நம் இளம் அவுட்ஃபீல்டர் ஸ்பென்சர் ஜோன்ஸ் பற்றி யாராவது கேட்பீர்கள். போன வருடம் டபுள்-ஏ மைனர் லீக்கில் 200 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்). இந்த ஏப்ரலில் அவர் பெயரை எடுக்கவே வேண்டாம்.

டாம்பாவாசி:

நான் டாம்பாவிலேயே இருப்பதால், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் இந்த மாதம் நான்கு ஆட்டம் இங்கே ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில் பார்த்தேன். பேட்டிங் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும் டோமிங்கெஸ் லெஃப்டில் நின்று பந்து பிடித்துக்கொண்டிருந்ததை இரண்டு நாள் கண்ணால் பார்த்தேன். அவுட்ஃபீல்ட் பயிற்சியாளர் லூயிஸ் ரோஹாஸ் அவரோடு செலவிடும் நேரம் வீணாகிறது என்று தோன்றவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த மைதானத்தின் அளவு பிராங்ஸில் உள்ள நம் யாங்கி ஸ்டேடியத்தின் அளவேதான். லெஃப்ட் கோடு 318 அடி, லெஃப்ட்-சென்டர் 399, சென்டர் 408, ரைட் கோடு 314. ஆகவே அவர் இங்கே பழகுவது அப்படியே அங்கே உதவும். சூறாவளியில் தங்கள் டிராபிகானா ஃபீல்டின் கூரை பிய்ந்ததால் ரேஸ் அணியும் இந்த 2025-இல் இங்கேதான் ஆடுகிறது, ஏப்ரலில் நாம் விருந்தாளியாக இதே புல்லுக்கு வருவோம்.

அந்த அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மைதானத்தில் ரைட் ஃபீல்ட் சின்னது, லெஃப்ட்-சென்டர் கடல். ஜட்ஜை ரைட்டுக்கு மாற்றியது அவர் காலைக் காப்பாற்றத்தான், ஏப்ரலில் 33 வயது ஆகிறது, போன வருடம் 58 ஹோம் ரன் அடித்த உடம்பை சென்டரில் ஓடவிட்டுத் தேய்க்கக் கூடாது. 2023-இல் டாட்ஜர் ஸ்டேடியத்தில் ரைட் ஃபீல்டு வேலியில் மோதிக் கால் பெருவிரல் போய் ஏறக்குறைய இரண்டு மாதம் உட்கார்ந்தாரே, அது மறக்குமா. அப்படிப் பார்த்தால் வேகமான கால் லெஃப்டில்தான் வேண்டும். டோமிங்கெஸிடம் அது இருக்கிறது.

நான் பயப்படுவது பெலிஞ்சருக்காக. சுவரைக் கண்டால் நிற்கத் தெரியாதவர். 2023-இல் ஹூஸ்டனில் மோதி முழங்கால், 2024-இல் கப்ஸின் ரிக்லி மைதானத்தில் மோதி விலா எலும்பு. அவர் ஒருமுறை சரிந்தால் கிரிஷம் சென்டர், டோமிங்கெஸ் லெஃப்ட் என்றுதான் ஆக வேண்டும், வேறு ஆளே இல்லை. அப்போது பழகாத டோமிங்கெஸ் வேண்டுமா, பழகிய டோமிங்கெஸ் வேண்டுமா?

நான்காம் எண் ரயில்:

பந்து எப்போதும் கோட்டை நோக்கித்தான் வளையும் என்பதை நான் இத்தனை வருடம் மேலிருந்து பார்த்தும் கவனித்ததில்லை. லெஃப்ட் ஃபீல்டர் அண்ணா, நன்றி. செப்டம்பர் காட்சிகளை நேற்று இரவு மறுபடி பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே முதல் எட்டு உள்ளே போய்விட்டு அப்புறம் வெளியே திரும்புகிறது.

டி.எச். யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றை விட முடியாது. இரண்டு ரன் முன்னிலையில் எட்டாவது இன்னிங்ஸ், அப்போதும் டோமிங்கெஸேதான் லெஃப்டில் நிற்க வேண்டுமா? பழகட்டும் என்று சொல்வதற்கும் ஓர் எல்லை இருக்கிறதே.

ஞாயிறு லெஃப்ட் ஃபீல்டர்:

அங்கே நான் உங்கள் பக்கம். முன்னிலை இருந்தால் எட்டாவதிலிருந்து கிரிஷம் சென்டர், பெலிஞ்சர் லெஃப்ட். மேலாளர் பூன் அதைத் தயங்காமல் செய்ய வேண்டும், டோமிங்கெஸிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அப்போது அது தண்டனையாகத் தெரியாது. ஆறு இன்னிங்ஸ், ஏழு இன்னிங்ஸ் அவருக்கு, வாரத்தில் ஆறு நாள். 2023-இல் ஹூஸ்டனில் மேஜர் லீக்கின் முதல் அட்-பேட்டிலேயே (அடிக்க வரும் முறை) பிட்சர் வெர்லாண்டரை ஹோம் ரன் அடித்தவர், எட்டு ஆட்டத்தில் நான்கு அடித்துவிட்டு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். அந்த அடி வேண்டுமானால் அவர் தினமும் களத்தில் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

இடதுகை பிட்சர் தொடங்கும் நாளிலும் டோமிங்கெஸையே நிறுத்துங்கள். வலதுபக்கம் நின்று அடிக்கவும் அவர் இந்த வருடம்தான் கற்க வேண்டும். மே மாத முடிவில் அந்தக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்ப்போம், இதே இழையில் போடுகிறேன்.