ஹார்ட் லிங்க்குக்கு ‘உடன்பெயர்’னு வைக்கலாமா?

வணக்கம் அண்ணே,

நம்ம தமிழ் மொழிபெயர்ப்புல ஹார்ட் லிங்க்குக்கு (டிஸ்க்ல இருக்கற ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு குடுக்கறது) நீங்க போட்ட ‘வன்தொடுப்பு’ பத்தி யாங்கோன்ல இருந்து என் கருத்தையும் சொல்லிடறேன். வன்பொருள், வன்தட்டு வரிசையில பொருந்தி வருதுங்கறது சரி, ஆனா இங்க பிள்ளைங்க ஸ்கூல்ல பர்மீஸ்லயே படிச்சுட்டு கோயில் வகுப்புல எழுத்துக்கூட்டி தமிழ் வாசிக்கிறவங்க, ‘வன்’னு பாத்தா ஹார்ட் டிஸ்க் சம்பந்தமா ஏதோன்னுதான் நினைப்பாங்க. விஷயம் அது இல்லியே.

ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜை (ரெடிமேட் கோட் தொகுப்பு) இறக்கி வெக்கற பிஎன்பிஎம் (pnpm) செய்யறதைப் பாருங்க. அதே வேலையைச் செய்யற என்பிஎம்ல (npm) ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனித்தனி காப்பி, பத்து ப்ராஜெக்ட்ல ரியாக்ட்ங்கற பேக்கேஜ் இருந்தா டிஸ்க்லயும் பத்து ரியாக்ட். பிஎன்பிஎம் ஒவ்வொரு ஃபைலையும் அதோட உள்ளடக்கத்துக்கு ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்துல இருந்தே கணக்கிடற அடையாளக் குறி) போட்டு பொதுக்கிடங்குல ஒரே தடவை வெச்சுக்கும், ப்ராஜெக்டுக்குள்ள போறது பெரும்பாலும் ஹார்ட் லிங்க்தான். புது வெர்ஷன்ல நூறு ஃபைல்ல ஒண்ணு மாறியிருந்தா அந்த ஒண்ணு மட்டும் கிடங்குல கூடும் (டவுன்லோட் என்னவோ முழு பேக்கேஜும்தான், மிச்சமாகறது டிஸ்க்). ஆனா அதே வெர்ஷன் கிடங்குல ஏற்கனவே இருந்து லாக் ஃபைலும் (எந்தெந்த வெர்ஷன்னு குறிச்சு வெச்ச பட்டியல்) கையில இருந்தா ஆஃப்லைன்லயே இன்ஸ்டால் ஆயிடும், கரண்ட் எப்ப போகும்னு தெரியாம மொபைல் டேட்டாவுக்கு காசு எண்ணிக் குடுக்கற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்லணுமா. பைத்தானுக்கு பேக்கேஜ் போடற யூவியும் (uv) கிட்டத்தட்ட இந்த வழியிலதான் போகுது.

இப்ப சொல்லுக்கு வர்றேன். ஹார்ட் லிங்க்ல அசல், நகல்னு எதுவுமே கிடையாது, டிஸ்க்ல இருக்கற ஒரே ஐநோடுக்கு (ஃபைலோட விவரமும் தரவு எங்க இருக்குங்கறதும் உள்ள பதிவு) ரெண்டு மூணு பேரு, எல்லாப் பேருக்கும் சம உரிமை. ஆர்எம்னு (rm, அழிக்கற கமாண்ட்) அடிச்சா போறது ஒரு பேரு மட்டும், அதனாலதான் அதுக்குப் பின்னால ஓடற சிஸ்டம் காலுக்கே (ஓஎஸ் கிட்ட விடற கோரிக்கை) அன்லிங்க்னு பேரு, கடைசிப் பேரும் போய் எண்ணிக்கை பூஜ்யமானாதான் இடம் காலியாகும். அதனால ‘உடன்பெயர்’. ப்ராஜெக்ட் ஃபோல்டரை அழிச்சா கிடங்கும் போயிடுமோங்கற பயம் இந்தப் பேரைக் கேட்டாலே போயிடும், அதைவிட முக்கியம், நோட் மாட்யூல்ஸ்குள்ள (ப்ராஜெக்ட்ல பேக்கேஜ் எல்லாம் இருக்கற ஃபோல்டர்) போய் ஒரு ஃபைலை டீபக் பண்ண திருத்துனா மத்த ப்ராஜெக்ட்லயும் அது மாறி நிக்கும்ங்கற எச்சரிக்கையும் பேருலயே இருக்கு. ‘தொடுப்பு’ன்னா ரெண்டு தனிப் பொருளைக் கட்டி வெச்ச மாதிரி தோணுது, அதுதான் எனக்கு ஒத்துக்கல.

ஹார்ட் லிங்க்குக்கு அக்கா சொன்ன ‘மாற்றுப்பெயர்’ வேணாம்கா, ஷெல்ல (கமாண்ட் அடிக்கற இடம்) ஏலியாஸுக்கு, அதாவது கமாண்டுக்கு வெக்கற சுருக்கப்பேருக்கு, அதைத்தான் புழங்கறோம்.

சிம்லிங்க்குக்கு (இன்னொரு ஃபைல் இருக்கற பாதையை மட்டும் குறிச்சு வெக்கறது) ‘கைகாட்டி’ எப்படி? ஊரே காலியானாலும் கைகாட்டி மரம் அந்தப் பக்கமே காட்டிட்டு நிக்கும்ல, உடைஞ்ச சிம்லிங்க் அச்சு அசல் அதுதான். பிஎன்பிஎம் ரெண்டையுமே போடுது, ஃபைலுக்கு உடன்பெயர், டிபென்டன்சி (ப்ராஜெக்ட் சார்ந்திருக்கற பேக்கேஜ்) ஃபோல்டருக்கு கைகாட்டி, அதனால ரெண்டு சொல்லும் ஒரே சாயல்ல இருந்தா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க.

விளக்கத்துல ஒரு வரி கட்டாயம் சேருங்க: உடன்பெயர் ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ளதான் (ஒரே டிஸ்க் பகுதிக்குள்ளதான்) செல்லும். இங்க நிறைய பேரு ப்ராஜெக்டை பென்டிரைவ்லயே வெச்சு வேலை பாக்கறாங்க, கிடங்கு லேப்டாப்ல இருந்தா அப்ப முழு காப்பிதான் விழும், ஒரு எம்பியும் மிச்சமாகாது.

பிடிஆர்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் மாதிரி ஃபைல்சிஸ்டத்துல வர்ற ரெஃப்லிங்க் மட்டும் பாக்கி. எழுதற வரைக்கும் இடத்தைப் பகிர்ந்துக்கிட்டு, எழுதுன பகுதி மட்டும் தனியா பிரியறதால ‘பிரிநகல்’னு யோசிச்சேன், இதுக்கு மேல நல்லதா யாருக்காவது தோணுனா சொல்லுங்க. உடன்பெயருக்கும் கைகாட்டிக்கும் ஆட்சேபம் வரலன்னா மொழிபெயர்ப்பு ஃபைல்ல நானே மாத்தி அனுப்பிடறேன் அண்ணே.